ஏற்றம் ஏறுமா என்றுதான் எல்லாரும் கேட்கிறீர்கள்! – ஸ்கூட்டி அக்கா பதில்கள்

(ஹட்டனில் கணவரின் கராஜோடு சேர்ந்த உதிரிப்பாகக் கடையைப் பார்த்துக்கொள்கிறவர். கல்யாணத்துக்கு முன்பு கண்டியில் வேலை செய்தவர். இரண்டு ஊர்த் தெருக்களிலும் ஸ்கூட்டி ஓட்டிப் பழகியவர். வாசகர்களின் ஸ்கூட்டிக் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, வீடு ஹட்டனில், வேலை கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில். காலையில் பஸ்ஸில் ஏற இடமே கிடைப்பதில்லை. ஒரு ஸ்கூட்டி எடுக்கலாம் என்று இருக்கிறேன். எனக்கு ஐந்தடிக்குக் கொஞ்சம்தான் கூட. ஸ்கூட்டி பெப் போதும் என்பது என் எண்ணம். ‘125 சீசீ எடு, இல்லையென்றால் ஏற்றத்தில் நின்றுவிடும்’ என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? — ஆசிரியை ஒருவர், ஹட்டன்

பதில்: வண்டி பார்க்கப் போவதற்கு முன் லைசன்ஸைத் திருப்பிப் பாருங்கள் டீச்சர். ஏ1 மட்டும் இருந்தால் 100 சீசீ வரைதான் ஓட்டலாம். அதற்கு மேல் என்றால் ஏ வேண்டும். ஸ்கூட்டி பெப் 88 சீசீ, அதில் சிக்கல் இல்லை. ஹொண்டா டியோ 110 சீசீ. பழைய ஹீரோ பிளஷர்தான் வில்லங்கம்: பார்க்கச் சின்னது, ஆனால் 102 சீசீ. அந்த 2 சீசீயைத் தெருவில் நிற்கிற பொலிஸ்காரர் கவனிக்காமல் விடலாம். நாளைக்கு ஒன்று நடந்து இன்சூரன்ஸ் கேட்கப் போனால் அங்கே கவனிப்பார்கள். இன்னும் லைசன்ஸ் எடுக்கவில்லை என்றால், லேனர்ஸில் (ஓட்டப் பழக்குகிற பாடசாலையில்) சொல்லி ஏ வகுப்புக்கே ட்ரயல் கொடுங்கள். பிறகு எந்த வண்டி எடுத்தாலும் கவலை இல்லை.

இனி ஏற்றம். உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. மேலே போகப் போகக் காற்று இலேசாகிறது, எஞ்சினுக்குள் போகிற காற்றும் குறைகிறது. ஆயிரம் மீற்றருக்குப் பத்தில் ஒரு பங்கு பலம் போகும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஹட்டன் 1,271 மீற்றர், நுவரெலியா 1,868. கொழும்பில் 110 சீசீயாக ஓடுகிற வண்டி நுவரெலியாவில் 90 சீசீ அளவுக்குத்தான் இழுக்கும்.

மற்றப் பாதி பெல்ட். ஸ்கூட்டியில் கியரின் வேலையைச் செய்வது ஒரு ரப்பர் பெல்ட்டும், வேகத்துக்கு ஏற்ப அந்த பெல்ட்டின் பிடியை மாற்றுகிற வேரியேட்டர் என்ற கப்பியும்தான். பெல்ட் மெலிந்து, வேரியேட்டருக்குள் உருளுகிற ரோலர்கள் ஒரு பக்கம் தட்டையாகி, கிளட்ச் ஷூவும் தேய்ந்துவிட்டால் 125 சீசீ வண்டியும் சத்தம் மட்டும்தான் போடும், நகராது. ‘எஞ்சின் வீக்’ என்று எங்களிடம் வருகிற ஸ்கூட்டிகள் பலவற்றில் எஞ்சினுக்கு ஒன்றுமே இருக்காது. இடது பக்க மூடியைத் திறந்தால் கறுப்புத் தூளாகக் கொட்டும்.

நீங்கள் தனியாக, ஒரு கொப்பிப் பையோடு போவதென்றால் பெப் உங்களைக் கொட்டகலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அவசரப்படுத்தாமல் விட வேண்டும், அவ்வளவுதான். பின்னால் இன்னொரு டீச்சரும் தினமும் ஏறுவார் என்றால் 110க்குப் போங்கள். 125 உங்களுக்குத் தேவையே இல்லை. பெப் ஏறக்குறைய 95 கிலோ, டியோ நூறைக் கொஞ்சம் தாண்டும், 125 சீசீ என்டோர்க் 115க்கும் மேல். கடைக்கு முன்னால் சமதரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எடுக்காதீர்கள். ஒரு சரிவில் நிறுத்திக் காலால் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். நுனிவிரல் மட்டும் நிலத்தில் படுகிற வண்டி, மழை நாளில் மல்லியப்புச் சந்தியில் பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கிறபோது ஒரு பக்கமாகச் சாயும். சாய்கிற நூறு கிலோவைப் பிடிக்க முடியாது.

இதுவரைக்கும் நீங்கள் கேட்டதற்குப் பதில். கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இந்த மாதம் வந்த கடிதம் எல்லாவற்றிலும் ஏறுவதுதான் கேள்வி. இறங்குவதைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. ஏற முடியாத ஸ்கூட்டி வழியில் நின்றுவிடும், இறங்கி உருட்டலாம். இறக்கத்தில் நிற்காத ஸ்கூட்டியை என்ன செய்வீர்கள்?

கியர் பைக்கில் இரண்டாம் கியரைப் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டியில் கிளட்ச் தானாக ஒட்டும், தானாக விடும். எஞ்சின் சுற்று குறைந்தால் விட்டுவிடும். இறக்கத்தில் அக்ஸிலேட்டரை முழுதாக மூடி, பிரேக்கைப் பிடித்து நடை வேகத்துக்கு வந்தீர்கள் என்றால் ஒரு கட்டத்தில் ‘டக்’கென்று கிளட்ச் கழன்று வண்டி தானாக ஓடத் தொடங்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் பயந்துபோவது அந்த நொடியில்தான். அப்புறம் வண்டியை நிறுத்த பிரேக் மட்டும்தான் இருக்கிறது.

அதனால் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். இறங்கும்போது அக்ஸிலேட்டரைக் கொஞ்சமே கொஞ்சம் திறந்து வைத்தால் கிளட்ச் ஒட்டியபடி இருக்கும், எஞ்சின் ஓரளவுக்குப் பிடித்துக்கொள்ளும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள், மறுபடி பிடியுங்கள். மலை முழுவதும் லேசாகப் பிடித்தபடியே வந்தால் டிரம் சூடாகும், பிரேக் ஷூ கண்ணாடி மாதிரி மினுங்கிப் போகும். லீவர் கையில் இறுக்கமாகத்தான் இருக்கும், வண்டி நிற்காது. கருகிய வாசம் வந்தால் ஓரமாக இடம் பார்த்து நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் இருக்கிற டிரம் வளைந்துபோகும்.

பெற்றோல் மிச்சம் பிடிக்கச் சாவியைத் திருப்பிவிட்டு இறங்குகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று வாங்கிய காலத்தில் அதைச் செய்யாதவர்கள் குறைவு. எஞ்சின் நின்றால் கிளட்ச் கழன்றுவிடும், பின்சக்கரம் தன்பாட்டில் சுற்றும். நானுஓயா – ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பஸ்ஸும் வானும் முச்சக்கர வண்டியும் மோதி ஏழு பேர் இறந்தது ஞாபகம் இருக்கும். அந்த இறக்கம் பெரிய வண்டிகளுக்கு மட்டும் இறக்கம் இல்லை.

கேள்வி: மகளுக்குக் கண்டியில் வேலை கிடைத்திருக்கிறது. கட்டுகஸ்தோட்டையில் தங்கியிருக்கிறாள். ஸ்கூட்டி வாங்கித் தரச் சொல்கிறாள். எங்கள் ஊர் வளைவுகளில் ஓட்டிப் பழகியவள்தான், ஆனாலும் கண்டி டிராபிக்கை நினைத்தால் நெஞ்சு படபடக்கிறது. வாங்கிக் கொடுக்கலாமா? — ஒரு தகப்பன், புசல்லாவை

பதில்: வாங்கிக் கொடுங்கள் அண்ணே. ஆனால் மலை வளைவில் ஓட்டுகிறவளுக்கு டவுன் சுலபம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். மலையில் ஆபத்து முன்னால் இருந்து வரும். கண்டியில் பக்கத்தில் இருந்து வரும்.

தலதா மாளிகைக்கு முன்னால் உள்ள வீதி 1998 குண்டுவெடிப்புக்குப் பிறகு வாகனங்களுக்கு மூடப்பட்டது. அதோடு நெரிசல் மற்றத் தெருக்களின் தலையில் விழுந்தது. மணிக்கூட்டுக் கோபுரத்தடி பஸ் நிலையம், குட்ஷெட், ரயில் நிலையம், ஆஸ்பத்திரி எல்லாம் ஒன்றுக்கொன்று கிட்டக் கிட்ட. பேராதனைப் பக்கம் இருந்து வருகிறவை கெட்டம்பேயிலேயே கட்டத் தொடங்கும். காலையில் ஏழு, ஏழேகால் தொடங்கி, அப்புறம் பகல் ஒன்றரைக்குப் பாடசாலை விட்ட பிறகு, வான்கள் தெருவை நிரப்பிவிடும். அந்த நேரத்தில் எந்த வண்டியும் வேகமாகப் போகாது. ஊர்கிற டிராபிக்கில் இடைவெளியைப் பார்த்து நுழைகிற ஆசைதான் ஸ்கூட்டிக்காரியை விழுத்தும்.

மகளிடம் சொல்லுங்கள்: நிற்கிற பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒருநாளும் நுழையக் கூடாது. பஸ்ஸின் கதவு இடது பக்கம். சிக்னலிலோ நெரிசலிலோ நின்றால்கூடச் சனம் மிதிபலகையில் இருந்து குதிக்கும், யாரும் பின்னால் பார்த்துக் குதிப்பதில்லை. பஸ் திரும்பும்போது உள்பக்கமாக அதன் ஓரத்தில் ஒட்டி நிற்கக் கூடாது, முன்பகுதி போன பிறகு பின்சக்கரம் உள்ளே வெட்டி வரும். பஸ்ஸின் கண்ணாடியில் டிரைவரின் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நம்மைத் தெரியாது.

த்ரீவீல் சிக்னல் போட்டால் திரும்பும், போடாவிட்டாலும் திரும்பும். ஓரத்தில் நிற்கிற த்ரீவீலின் முன்சக்கரத்தைப் பார்க்கப் பழக வேண்டும். சக்கரம் தெருப் பக்கம் திரும்பியிருந்தால் வண்டி வெளியே வரப்போகிறது.

அப்புறம் ஹோர்ன். கண்டியில் முதல் மாதம் அழ வைப்பது அதுதான். பின்னால் ஒரு தனியார் பஸ் வந்து நின்று அடிக்கும், பிள்ளை பதறி ஓரத்துக்குப் போவாள், ஓரத்தில் கான் மூடி உடைந்திருக்கும். ஸ்கூட்டியின் சக்கரம் பத்து அங்குலம், கூடினால் பன்னிரண்டு. பைக் தாண்டுகிற குழியில் ஸ்கூட்டி மாட்டிக்கொள்ளும். ஹோர்ன் அடித்தவுடன் பதறி ஒதுங்க வேண்டியதில்லை. தன் கோட்டில் நேராகப் போகட்டும், அகலமான இடம் வரும்போது அவளாக விட்டுக்கொடுக்கட்டும். இதை நான் பழக எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. இப்போது பின்னால் யார் அடித்தாலும் எனக்குக் காது கேட்காது!

வண்டி எடுத்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வேலைக்குப் போகிற பாதையிலேயே போய்வரச் சொல்லுங்கள். எந்த இடத்தில் குழி, எந்த இடத்தில் வலது பக்கம் திரும்ப விடமாட்டார்கள் என்று தெரிந்துகொள்வாள். பெரஹரா நாட்களில் பாதைகளை மூடுவார்கள், அந்த மாலைகளில் வண்டி தங்குமிடத்திலேயே நிற்கட்டும். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் பெரும்பாலும் சமதரை. பின்னாளில் ஹந்தானைப் பக்கமோ அனிவத்தையோ வீடு மாறினால், மேலே டீச்சருக்குச் சொன்ன இறக்கப் பாடம் அவளுக்கும்தான். சரிவில் நிறுத்தும்போது கியர் போட்டுப் பிடித்து வைக்க ஸ்கூட்டியில் வழி இல்லை. முன்பக்கம் மேட்டைப் பார்க்க நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டாண்ட் மடங்கி வண்டி உருளும்.

ஹெல்மட்டை வண்டியோடு இலவசமாகத் தருகிறார்கள் என்று அதையே போடாமல், எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தரச் சான்று) முத்திரை பார்த்து, தலைக்கு இறுகப் பொருந்துகிறதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். பின்னால் தோழியை ஏற்றினால் தோழிக்கும் ஹெல்மட் சட்டப்படி கட்டாயம்.

கேள்வி: ஒரு ஸ்கூட்டி சந்தை விலையை விட நல்ல குறைவாக வந்திருக்கிறது. ‘ஓபன் பேப்பர்’ என்கிறார்கள். எடுக்கலாமா? — வாசகர், தலவாக்கலை

பதில்: எடுக்காதீர்கள் தம்பி. ஓபன் பேப்பர் என்றால், வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இன்னும் பழைய சொந்தக்காரரின் பெயர், கையெழுத்து வைத்த படிவம் மட்டும் கைமாறிக் கைமாறி வருகிறது என்று அர்த்தம். வாங்கியவர் 14 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். நடுவில் எத்தனை பேர் அதைச் செய்யாமல் விட்டார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கையெழுத்து வைத்தவர் செத்துப்போயிருந்தால் அல்லது வெளிநாடு போயிருந்தால் நீங்கள் அலைய வேண்டியதுதான். பதிவுப் புத்தகத்தில் ‘அப்சலூட் ஓனர்’ என்ற இடத்தில் லீசிங் கம்பனி ஒன்றின் பெயர் இருந்தால் கடன் இன்னும் தீர்க்கப்படவில்லை, அல்லது தீர்த்தும் பெயரை எடுக்கவில்லை. கம்பனியின் விடுவிப்புக் கடிதம் கையில் வராமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று துணியால் துடைத்து நீங்களே வாசியுங்கள். இந்த வருடத்து வருமான அனுமதிப்பத்திரமும் புகைச் சான்றிதழும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விலை கூட இருப்பதற்குக் காரணம் உங்களுக்கும் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அதனால் கைமாறி வருகிற ஸ்கூட்டிகளில் நிறைய 2020க்கு முந்தியவை. கிலோமீற்றர் மானியை நம்ப வேண்டாம், அதைத் திருப்புவது பெரிய வேலை இல்லை. ரப்பரைப் பாருங்கள்: டயரின் ஓரத்தில் நுண்ணிய வெடிப்பு, பெற்றோல் குழாயில் விறைப்பு, பிரேக் லீவர் உறையின் தேய்வு. இவை வயதை மறைக்காது.

வண்டி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நீர்கொழும்பு, மட்டக்களப்பு மாதிரிக் கடலோரத்தில் ஓடியதென்றால் காலடிப் பலகைக்குக் கீழே டார்ச் அடித்துத் துருவைப் பார்க்க வேண்டும். மேலே புதுப் பெயின்ட் பளபளக்கும், கீழே செசி உப்பில் அரித்திருக்கும். நம் பக்கத்திலேயே ஓடிய வண்டி என்றால் துருவை விட பிரேக் டிரம்மும் கிளட்ச்சும்தான் முக்கியம். நடு ஸ்டாண்டில் ஏற்றி முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் ஒரு இடத்தில் ‘கட்’ என்று பிடித்தால் கூம்புப் போல்கள் (ஹேண்டில் சுழல உள்ளே இருக்கிற இரும்புக் குண்டுகள்) போய்விட்டன. அது பெரிய செலவு இல்லை, ஆனால் விலை பேசப் பிடி கிடைக்கும்!

கேள்வி: 95 பெற்றோல் அடித்தால் ஏற்றத்தில் நன்றாக இழுக்கும் என்கிறார்களே? — வாசகர், பொகவந்தலாவை

பதில்: இழுக்காது. ஒக்டேன் என்பது பெற்றோலின் பலம் இல்லை, எஞ்சினுக்குள் நெருக்கும்போது நேரத்துக்கு முன்பே வெடிக்காமல் தாங்குகிற குணம். இந்தச் சின்ன எஞ்சின்களுக்கு 92 போதும். உயரத்தில் காற்று இலேசு என்பதால் நம் பக்கத்தில் அந்தத் தேவை இன்னும் குறைவு. அந்தக் காசை பிரேக் ஷூவுக்குச் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: சேலை கட்டிக்கொண்டு ஓட்டுவது ஆபத்தா? மாமியார் விடமாட்டேன் என்கிறார். — ஆசிரியை, லிந்துலை

பதில்: மாமியார் பயப்படுவது முந்தானைக்கு என்றால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முந்தானையை முன்னால் கொண்டுவந்து இடுப்பில் செருகி ஊசி குத்துங்கள், மேலே ஜெக்கட்டைப் போட்டு சிப்பை மூடிவிடுங்கள். கொசுவத்தைக் காலுக்கு இடையில் ஒதுக்கி உட்கார ஸ்கூட்டியின் தட்டையான காலடிப் பலகை வசதிதான். பின்னால் உட்கார்கிறவருக்குத்தான் ஆபத்து கூட. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வருகிற சேலைக் காப்புக் கம்பியைப் பழைய வண்டிகளில் அழகுக்காகக் கழற்றி எறிந்திருப்பார்கள். உங்கள் வண்டியில் அது இல்லாவிட்டால் வாங்கி மாட்டிய பிறகு ஆளை ஏற்றுங்கள்.

கேள்வி: மூன்று வயது மகன் ஸ்கூட்டியில் முன்னால் நின்றுகொண்டு வரத்தான் விரும்புகிறான். மெதுவாகத்தான் போகிறேன். பரவாயில்லையா? — தாய், மஸ்கெலியா

பதில்: பரவாயில்லை என்று என்னிடம் எழுதி வாங்க முடியாது. மெதுவாகப் போகிறபோதும் நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தால் பிரேக் பிடிப்பீர்கள், பிள்ளையின் வாய் இருக்கிற உயரத்தில்தான் ஹேண்டில் இருக்கிறது. அவன் கை அக்ஸிலேட்டரில் பட்டாலும் அதே கதி. பின்னால் கால்வைக்கிற கட்டைக்குக் கால் எட்டி, கையால் உங்களைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்து, தலைக்கு அளவான ஹெல்மட்டும் வந்த பிறகு ஏற்றுங்கள். அதுவரைக்கும் பஸ்.

கேள்வி: நுவரெலியாவில் ஹோட்டல் வேலை. விடியற்காலையில் நானுஓயாவில் இருந்து போக வேண்டும். மூடுபனியில் கண் தெரியவில்லை, வண்டியும் குளிரில் ஸ்டார்ட் ஆகாமல் உயிரை வாங்குகிறது. — வாசகர், நானுஓயா

பதில்: மூடுபனியில் பெரிய லைட்டைப் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். லைட்டைத் தாழ்த்தி டிம்மில் வைத்து, தெருவின் இடது ஓரக் கோட்டைப் பார்த்துப் போங்கள். ஹெல்மட் கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து வைத்தால் மூச்சு படியாது. வளைவுக்கு முன் ஹோர்ன் கட்டாயம். அந்த நேரத்தில் மரக்கறி லொறிகள் இறங்கும். வளைவில் மண், டீசல், யூகலிப்டஸ் இலை எது கிடந்தாலும் இருட்டில் எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரியும், அதனால் வளைவுக்குள் பிரேக் பிடிக்காமல் அதற்கு முன்பே பிடித்து முடியுங்கள். முதுகில் மினுங்கும் பட்டி வைத்த ஜெக்கட் ஒன்று எடுங்கள். கறுப்பு ஜெக்கட் அழகுதான், பின்னால் வருகிற லொறிக்காரருக்கு அது தெரியாது.

காபரேட்டர் வண்டி என்றால் குளிரில் சோக்கை முழுதாக இழுத்து, அக்ஸிலேட்டரைத் தொடாமல் கிக்கர் அடியுங்கள். செல்ஃபை விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தால் பட்டரிதான் சாகும். பிடித்த பிறகு ஒரு நிமிடம் ஓடவிட்டுச் சோக்கைத் தள்ளிவிடுங்கள், மறந்தால் பிளக் கரியாகிவிடும். கொழும்பு அளவுக்கு டியூன் பண்ணிய வண்டியை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தால் காற்று குறைவாக, பெற்றோல் கூடுதலாகப் போய்க் கறுப்புப் புகை தள்ளும். பக்கத்துக் கராஜில் காற்றோடு கலக்கிற பெற்றோலைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். அதற்கும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வாருங்கள். ஞாயிறு பகல் வரைதான் திறந்திருப்போம்.